வெளியில் வரைவதும் வீட்டில் மேசை போடுவதும்: கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேலாக வாட்டர்கலரில் வரைகிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். வெளியில் உட்கார்ந்து வரைவது பற்றியும், வீட்டில் அதற்கு இடம் ஒதுக்குவது பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: வெளியே போனால் எதை வரைவது என்றே தெரியவில்லை சார். எல்லாமே அழகாக இருக்கிறது. சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன்.

சுற்றாதீர்கள் அம்மா. உங்கள் ஊர் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். ஒன்றே ஒன்றைப் பார்த்து உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொட வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். செதுக்கல், செடி, கம்பி எல்லாம் மங்கிப் போய் வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். மண்டபத்தின் நிழல் படிக்கட்டில் நேர்கோடாக விழாது, ஒவ்வொரு படியிலும் மடிந்து மடிந்து இறங்கும். அந்த மடிப்பு உங்களைப் பிடித்து நிறுத்தினால் அன்றைய படம் அதுதான். மண்டபம்கூட அப்புறம்தான்.

பழைய கல்யாணப் பத்திரிகையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டி, அதன் வழியாகப் பாருங்கள். எதை விடலாம் என்பது சட்டென்று தெரியும்.

சென்னை, ஐடி ஊழியர்: மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தை மத்தியானம் வரைந்தேன். தட்டையாக வந்தது. வண்ணமும் பரவுவதற்குள் காய்ந்துவிட்டது.

குறை உங்கள் கையில் இல்லை தம்பி, நேரத்தில். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் வெயில் நேரே முகத்தில் விழுவதால் நிழலே இருக்காது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் மேலிருந்து சாயும்போது யானையின் வயிற்றுக்குக் கீழே இருட்டு திரளும், ஒவ்வொரு உருவமும் பாறையை விட்டு வெளியே வரும். மத்தியானத்துக்கு மேல் பாறையே நிழலுக்குள் போய்விடும்.

உட்கார்ந்ததும் முதல் கால் மணி நேரத்துக்குள் நிழலின் ஓரங்களைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அப்புறம் வெயில் நகர்ந்தாலும் அதைத் துரத்தாதீர்கள். கல்லின் நிறத்துக்குக் கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தாலே உயிருள்ள சாம்பல் கிடைக்கும். காய்வதைத் தள்ளிப்போட 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளை எடுத்து, பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். தாள் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்து, நிறத்தைத் தப்பாகக் காட்டும்.

முழுப் பாறையையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். கைகளை உயர்த்தி நின்று தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளும் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

மதுரை, இல்லத்தரசி: தனியாக உட்காரத் தயக்கம். கூட்டம் கூடிவிடுகிறது.

சுவரோ தூணோ முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். உள்ளங்கை அளவு நோட்டுப் போதும். பூக்கட்டும் அக்கா பக்கத்தில் "கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கலாமா?" என்று கேட்டு உட்காருங்கள். கூட்டத்தை அவரே பார்த்துக்கொள்வார். வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்வதையும் காதில் வாங்குங்கள். ஒருமுறை சந்தையில் தராசை வரைந்துகொண்டிருந்தேன். காய் விற்கும் அம்மா எட்டிப் பார்த்து, "படிக்கல்லை விட்டுட்டியே ராசா" என்றார். ஒரு தட்டு காலியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. கல்லை வைத்ததும்தான் படத்துக்கு எடை வந்தது.

சென்னை, பள்ளி ஆசிரியை: ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு. வடக்கு ஜன்னல்தான் வேண்டும் என்கிறார்களே?

அது ஐரோப்பாவுக்குச் சரி மேடம். அங்கே வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் எட்டிப்பார்க்காது. நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். கோடைக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் அடிக்கும். எந்த ஜன்னலானாலும் வெள்ளை மல் துணி ஒன்று கட்டுங்கள், வெளிச்சம் மெத்தென்று பரவும். வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இரவுக்கு 5000 கெல்வின் (பகல் போன்ற வெள்ளை வெளிச்சம்), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் அந்தச் சாயல் தாளிலும் விழும். மேசைக்குப் பின்னால் மட்டுமாவது வெள்ளை அடித்துவிடுங்கள்.

மேசை இரண்டடி அகலம் இருந்தாலும் போதும், ஆனால் தினமும் ஒழித்து வைக்கிற மேசையாக இருக்கக் கூடாது. எடுத்து வைக்கவே பத்து நிமிடம் ஆகிறதென்றால் வேலை முடிந்து வந்த களைப்பில் யாரும் வரைய மாட்டார்கள். வெளியே போய் வந்த அன்றே, அந்த வெளிச்சம் கண்ணில் இருக்கும்போதே உட்கார வேண்டும். மேசைக்கு இடமில்லையா? தரையில் வைத்து எழுதும் பழைய கணக்குப்பிள்ளை சாய்வு மேசை கிடைத்தால் விடாதீர்கள். பாயில் உட்கார்ந்து வரையலாம், அதன் சாய்வு வாட்டர்கலர் வழிந்து இறங்கக் கச்சிதமாக இருக்கும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்றவர்: மழைக்காலத்துக்குப் பிறகு என் தாள்களில் வண்ணம் புள்ளி புள்ளியாக உறிஞ்சுகிறது.

தாளில் ஏற்றியிருக்கும் பசை ஈரத்தில் கெட்டுவிட்டது ஐயா. அது போனால் தாள் மை ஒற்றும் காகிதம் மாதிரி ஆகிவிடும். இனி வாங்குவதை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டு, ஈரச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். கெட்டுப்போன தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம், கரித்துண்டால் வரைய அவை நன்றாகவே உதவும்.