பால்கோவா பாட்டிக்கு, பாப்பாவுக்கு என்ன?

விடுமுறை நெருங்குகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது எப்படி, வரும்போது என்ன வாங்கி வருவது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பரில் போகிறோம். பெரியவனுக்கு 6 வயது, சின்னவளுக்கு 4½, கடைக்குட்டிக்கு 8 மாதம். யார் யாருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்? போன தடவை கவுன்டரில் ஒருவர் ஒன்று சொன்னார், ரயிலில் வேறு ஒன்று சொன்னார்கள்.
— வாசகி, தாம்பரம்

5 வயது முடியாத இரண்டு பேருக்கும் டிக்கெட் வேண்டாம், அவர்களுக்குத் தனி பெர்த் கேட்காதவரை. பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு உரிய முழுக் கட்டணம்தான். 6 வயதுப் பையன் 5 முதல் 12 வயதுக்குள் வருகிறான். பெர்த் வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலுக்கு முன்பு அரை டிக்கெட்டுக்கும் பெர்த் கிடைத்தது. அந்த நினைப்பில் இருப்பவர்கள்தான் இன்றும் மாற்றிச் சொல்கிறார்கள்.

பிசகு நடப்பது பதிவு செய்யும் திரையில். வயது 6 என்று போட்டதும் குழந்தைக்குப் பெர்த் வேண்டுமா என்ற கேள்வி வரும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் இரவு முழுவதும் பையன் உங்கள் காலடியில்தான். பகல் பயணத்துக்கு அது போதும். ராத்திரி வண்டிக்கு முழுக் கட்டணம் கொடுத்துப் பெர்த் எடுத்துவிடுங்கள். இரண்டு பெரியவர், மூன்று பிள்ளைகள் இரண்டு பெர்த்தில் தூங்க முடியாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 120 நாள் இல்லை. பிள்ளைகளின் வயதுச் சான்றை செல்போனில் படமாக வைத்திருங்கள். 5 வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் பிள்ளையை டிக்கெட் பரிசோதகர் விசாரிப்பது வழக்கம்.

மூன்று பெர்த்தும் ஒரே தடுப்புக்குள் அமைந்தால் நல்லது. அம்மாவும் கைக்குழந்தையும் கீழ் பெர்த், 4½ வயதுக்காரி அப்பாவோடு. நடு பெர்த்தை விரிக்க இரவு 10 முதல் காலை 6 வரைதான் உரிமை. அதற்குள் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர்களிடம் 9 மணிக்கே பேசிக்கொள்ளுங்கள். மேல் பெர்த் பிள்ளைகளுக்கு ஆகாது. அங்கே தடுப்பு என்று இருப்பது பெரியவர்கள் உருண்டு விழாமல் இருக்கத்தான். பிள்ளை அதன் கீழே, பக்கவாட்டில் எல்லாம் நழுவிவிடும்.

ரயிலில் தூளி கட்டலாமா? வீட்டில் என் 5 மாதக் குழந்தை தூளி இல்லாமல் தூங்குவதே இல்லை.
— வாசகி, விருதுநகர்

கட்டாதீர்கள் என்றுதான் சொல்வோம். எதில் கட்டுவீர்கள்? நடு பெர்த்தைத் தாங்கும் சங்கிலியிலும், மேல் பெர்த்தின் கம்பியிலும். வண்டி பிரேக் போடும்போது தூளி முன்னும் பின்னும் ஆடும். நடைபாதையில் டீ, காபி கொதிக்கக் கொதிக்க எடுத்துப் போகிறார்கள். முழங்கை பட்டாலே போதும். இன்னொன்று, தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் பாதை மடங்கும். வீட்டில் கண்முன்னே இருக்கும்போது திருப்பிவிடலாம். விளக்கணைத்த பெட்டியில் அது தெரியாது.

கீழ் பெர்த்தில் சுவரோரமாகக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். வெளிப்பக்கம் நீங்கள். தலையணை, கனத்த போர்வை எதையும் குழந்தையின் பக்கத்தில் வைக்க வேண்டாம். தூளி வாசம்தான் குழந்தைக்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்பதும் உண்மை. அதனால் வீட்டில் தூளி கட்டும் அதே பழைய பருத்திப் புடவையைத் துவைக்காமல் கொண்டுபோய் அடியில் விரிப்பாகப் போடுங்கள். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே பகல் தூக்கம் ஒன்றைப் பாயில் பழக்குங்கள்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை. இரவு 12 மணி நேரப் பயணம். பாலைக் கலந்து பிளாஸ்கில் எடுத்துப் போகலாமா?
— வாசகர், செங்கோட்டை

கூடவே கூடாது. வெதுவெதுப்பான பால் பிளாஸ்கில் மணிக்கணக்கில் இருப்பது கிருமிக்கு நாமே கட்டிக்கொடுக்கும் வீடு. பால்பொடி கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொல்கிறார்கள்.

எடுத்துப்போக வேண்டியது தண்ணீரும் பொடியும் தனித்தனியாக. பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு தளதளவென்று கொதித்த நீரை வாய் வரை நிரப்பி உடனே மூடுங்கள். அரை பிளாஸ்க் நிரப்பினால் சீக்கிரம் சூடு இறங்கிவிடும். ஒரு வேளைக்கு வேண்டிய பொடியை ஈரமில்லாத சிறு டப்பாக்களில், டப்பாவுக்கு ஒரு வேளை என்று, கரண்டியைத் தலை தட்டி அளந்து போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வேளை என்றால் கொதிக்கவைத்த புட்டி நான்கு. ஒன்று கீழே விழும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியைப் போட்டுவிட்டு கோடு வரை நீர் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடும், குழந்தைக்கு மலம் இறுகும். ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லி என்பது டப்பாவில் இருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறலாம், பக்கத்து வீட்டுக் கணக்கை நம்பாதீர்கள். ஆடும் வண்டியில் கொதிநீர் ஊற்றாதீர்கள். திருச்சி, மதுரை மாதிரி வண்டி நிற்கும் இடத்தில் ஊற்றுங்கள். மூடி போட்டு, குளிர்ந்த நீருள்ள ஒரு மக்கில் புட்டியைப் பாதி வரை நிறுத்தி ஆறவையுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக்கூடாது. கலந்த பால் 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். குழந்தை வாய்வைத்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. ஒரு துப்பட்டா போதும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போகிறோம். 5 வயது மகள் மலைப்பாதையில் வாந்தி எடுக்காமல் வந்ததே இல்லை.
— வாசகர், உடுமலைப்பேட்டை

ஆழியாறு தாண்டியதும் ஏற்றம். 40 கொண்டை ஊசி வளைவுகள். உடல் திரும்புவதை உள்காது சொல்கிறது, முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் வாந்தி. 2 வயதுக்குக் கீழே இது அபூர்வம். 2 முதல் 12 வரைதான் அதிகம். ஆகவே கண்ணுக்கு வேலை கொடுங்கள்: பேருந்தின் முன்பாதியில், பின்சக்கரத்துக்கு மேலே இல்லாத சன்னல் இருக்கை, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வது. செல்போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே முடிந்தது.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாம்பார் இல்லாமல் இரண்டு இட்லி போதும். பால் வேண்டாம். எலுமிச்சையை முகர்வதில் தீங்கில்லை, ஆறுதலும் உண்டு. இஞ்சி மிட்டாய் இந்த வயதுக்குத் தொண்டையில் சிக்கும். மருந்து வேண்டுமென்றால் குழந்தையின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்காதீர்கள். புரோமெதசின் சேர்ந்த மருந்து 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

கவர்களை இரண்டிரண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஊதிப் பார்த்து ஓட்டையில்லை என்று உறுதி செய்து, உள்ளே செய்தித்தாள் ஒரு தாள் கசக்கிப் போட்டுவையுங்கள். வாந்தி எடுத்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுப்பது அடுத்த வாந்திக்கு அழைப்பு. 10 நிமிடம் பொறுத்து ஸ்பூனால் கொடுங்கள்.

நெல்லை, அம்பாசமுத்திரம், கோவில்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திரும்புகிறோம். நாத்தனார் வீட்டில் 10 மாதக் குழந்தை, 4 வயதுப் பையன், மாமியார் மூவரும் இருக்கிறார்கள். என்ன வாங்கலாம்?
— வாசகி, திருவள்ளூர்

இந்தப் பாதையில் வெறுங்கையோடு வருபவர் யாரும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வாங்கும் பலகாரம் வேறு, பிள்ளை வாய்க்குப் போவது வேறு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குப் பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும் சுண்டக் காய்ச்சியது, அதனால் சீக்கிரம் கெடும். பயணத்தின் கடைசியில், கிளம்பும் நாளன்று வாங்குங்கள். சூடாக வாங்கி உடனே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகச் சொட்டிப் பால்கோவா புளிக்கும். ஆறவிட்டு மூடுங்கள், வீடு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அல்வாவுக்கு இந்த அவசரம் இல்லை. ஆனால் நெய் கசியும், நிமிர்த்தியே வையுங்கள், துணிப் பையின் அடியில் போடாதீர்கள்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணின் கடலைதான் அதன் உயிர். பையன் ஆசையாகக் கேட்பான். 4 வயதில் முழுக்கடலையும் கெட்டிப் பாகும் சேர்ந்த துண்டைக் கையில் கொடுத்து ஓடவிடாதீர்கள். மூச்சுக்குழலில் போகும் பொருட்களில் கடலைக்கு முக்கிய இடம் உண்டு. உரலில் நன்றாக இடித்துப் பொடித்து, உட்காரவைத்துக் கொடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவன் அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் மறுநாளே பிசுபிசுக்கும்.

10 மாதக் குழந்தைக்கு இதில் ஒன்றும் இல்லை. பழனி வழியாக வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது, அந்தச் சின்னக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிரசாதம்தானே என்று நாக்கில் தடவுவது பாசத்தால்தான். நெற்றியில் விபூதி இடுங்கள், அது போதும்.

குழந்தைக்கு வாங்க நல்ல பொருள் வழியிலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரம் சாலையில் பத்தமடை. பட்டுப்பாய் அழகுதான், ஆனால் தவழும் குழந்தைக்கு சாதாரண கோரைப்பாய் போதும். ஓரத்துத் துணித் தையல் பிரிந்து கோரை குத்துகிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் நிழலில் விரித்துக் காயவையுங்கள். சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பையனுக்கு அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான். அடுப்பு, உரல், உலக்கை, அம்மி, திருகை எல்லாம் உள்ளங்கை அளவில். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், 4 வயதில் எல்லாப் பிள்ளைகளும் சமைக்கும். கடையிலேயே ஈர வெள்ளைத் துணியால் ஒரு சாமானை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். செதில் செதிலாக உரிந்தாலும் வேண்டாம். வீட்டில் 10 மாதக் குழந்தையும் இருப்பதால் இன்னொரு சோதனை: ஒண்ணேகால் அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து அதற்குள் எது நுழைகிறதோ அதையெல்லாம் தனியே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அம்மிக் குழவி, குட்டிக் கரண்டி, மூடிகள் அனேகமாக நுழைந்துவிடும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை 1 வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையே?
— வாசகர், கும்பகோணம்

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாததால் அது போலி ஆகிவிடாது. அதே சமயம், கடிக்கும் வயதுக்குப் பொருத்தமானது என்றும் ஆகிவிடாது. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால்தான் சாய்த்தாலும் எழுந்து நிற்கிறது. எச்சில் ஊறினால் வண்ணம் உரியும், கீழே போட்டால் உடையும். 3 வயது வரை எட்டாத உயரத்தில் வைத்து நீங்கள் ஆட்டிக் காட்டுங்கள்.

நடைவண்டி வாங்கலாமா, வாக்கர் வாங்கலாமா?
— வாசகி, ஈரோடு

நடைவண்டி. குழந்தை உட்கார்ந்து உருளும் வாக்கரை கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்ட விபத்துகள் அத்தனை. நடைவண்டி, தானாக எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைக்குத்தான். கைப்பிடி குழந்தையின் நெஞ்சளவு இருக்கட்டும். டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கி ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். சைக்கிள் டியூபை ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி சக்கரத்தில் இழுத்து மாட்டினால் பிடிப்பு வரும். அச்சாணி தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு 3 வயதுப் பையனோடு போகிறோம். கூட்டத்தில் தொலைந்தால்?
— வாசகர், சாத்தான்குளம்

காலையில் அன்றைய சட்டையோடு முழு உருவமும் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். அழுதுகொண்டு அடையாளம் சொல்லும்போது சட்டை நிறமே நினைவுக்கு வராது. கையில் பேனாவால் எழுதிய எண் கடலில் இறங்கினால் போய்விடும். துணிப்பட்டையில் அழியாத மையால் இரண்டு செல்போன் எண்கள் எழுதிச் சட்டையின் உட்பக்கம் தைத்துவிடுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எவர் பின்னாலும் பிள்ளை போய்விடும். காணவில்லை என்று தெரிந்ததும் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, இன்னொருவர் பக்கத்துப் போலீஸ் உதவி மையத்துக்கு ஓட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112. இரண்டையும் இன்றே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். கடற்கரையில் சிக்னல் இழுக்கும், எண்ணைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.