தண்ணீரைத் தொடர்ந்த சாலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஆஸ்திரேலியப் பயணக் குறிப்புகளைப் படித்தேன். வரும் டிசம்பரில் எனக்கு நீண்ட விடுமுறை. அடிலெய்டில் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்து, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாக டார்வின் வரை, ஏறத்தாழ 3000 கி.மீ. தூரத்தைத் தனியாக நான்கு நாட்களில் ஓட்டி முடிக்க எண்ணியிருக்கிறேன். வெயிலுக்குப் பயந்து நம் ஊரில் செய்வதுபோல, இரவில் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கலாம் என்பது என் யோசனை. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரவில் பலமுறை ஓட்டிய பழக்கம் உண்டு. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. படங்களில் அந்த நிலம் ஒன்றுமே இல்லாத செம்மண் வெளியாகத்தான் தெரிகிறது. அந்த வெறுமைக்குள் தனியாகப் போய் என்ன கண்டீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

திட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. டிசம்பரில் போகாதீர்கள். எந்த மாதம் போனாலும் இரவில் ஓட்டாதீர்கள்.

டிசம்பரும் ஜனவரியும் அங்கே கோடையின் உச்சம். அந்தப் பாதையை ஒட்டிய ஊட்னடாட்டா என்ற சிற்றூரில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. நடுப்பகுதியைத் தாண்டி டார்வினை நெருங்கினால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். நான் போனது ஜூலையில். பகல் இதமாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் கூடாரத்திலிருந்து எழுந்து வந்தால் வண்டியின் இருக்கையில் உறைபனி படிந்திருக்கும், கையுறை போட்ட விரல்களுக்கு உணர்வு வர ஒன்பது மணி ஆகிவிடும்.

இரவுப் பயணம் நம் ஊரில் நியாயமானது. சாலையோரத்தில் விளக்கும் டீக்கடையும் மனிதர்களும் உண்டு. அங்கே மாலை மயங்கியதும் சாலை விலங்குகளுடையதாகிவிடுகிறது. அதற்குக் காரணம் தண்ணீர்தான். வறண்ட நிலத்தில் எப்போதோ பெய்யும் சிறு மழை தார்ச்சாலையில் விழுந்து இருபுறமும் வழிவதால், சாலையின் ஓரத்தில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்குப் புல் பசுமையாக நிற்கும். அதைத் தேடி அந்தி முதல் விடியல் வரை கங்காருக்கள் வந்து மேயும். வேலியில்லாத பண்ணைகளின் மாடுகளும் வரும். நெடுஞ்சாலையிலுள்ள மார்லா என்ற சிற்றூருக்குச் சற்றுத் தெற்கே ஒரு மாலை ஐந்து மணிக்கு, இன்னும் இருபது கி.மீ.தானே என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது, என் உயரமிருந்த ஒரு சிவப்புக் கங்காரு வலப்பக்கப் புதரிலிருந்து கிளம்பி, சில நொடிகள் எனக்கு இணையாகவே துள்ளி வந்து, பிறகு காரணமில்லாமல் முன்சக்கரத்தை நோக்கித் திரும்பியது. ஒவ்வொரு துள்ளலிலும் அதன் வால் மேலும் கீழும் அசைவதை அவ்வளவு அருகில் பார்த்தேன். பிரேக் பிடித்ததில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய் மண்ணில் நின்றது. அது தாண்டிப் போய்விட்டது. எனக்குக் கிளட்சைப் பிடிக்க முடியாமல் இடது கை வெகுநேரம் நடுங்கியது. அன்றிலிருந்து நான்கு மணிக்கு மேல் நான் ஓட்டவில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் ஊன்றிப் படியுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நான்குக்கு நிறுத்தினால், இடையில் இறங்கி இளைப்பாறும் நேரம் போக, ஒரு நாளுக்கு 400 கி.மீ. நிதானமான தூரம். அதாவது உங்கள் பயணத்துக்குக் குறைந்தது எட்டு நாட்கள் வேண்டும்.

பெட்ரோல் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். நெடுஞ்சாலை தொடங்கும் போர்ட் அகஸ்டாவிலிருந்து சுரங்க ஊரான கூபர் பீடி 540 கி.மீ.; அதன் பின்பாதியில் சுமார் 250 கி.மீ. தூரத்துக்குப் பங்க் கிடையாது. என் வண்டி லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்துவந்தது, டேங்கின் கொள்ளளவு 16 லிட்டர். தாராளம் என்று நினைத்தேன். ஆனால் எதிர்காற்றில் 110 கி.மீ. வேகத்தில் போனபோது மைலேஜ் லிட்டருக்கு 16 கி.மீ.க்கு இறங்கிவிட்டது. கேனில் தனியாக வைத்திருந்த ஐந்து லிட்டர் இல்லையென்றால் கூபர் பீடியின் சுரங்க மண்மேடுகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றிருப்பேன். குடிநீர் எப்போதும் பத்து லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். செயற்கைக்கோள் வழியே இயங்கும் அவசர சமிக்ஞைக் கருவி ஒன்று வண்டிப் பெட்டியில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பெரும்பாலான தூரத்தில் செல்போன் எடுக்காது. வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடந்து போகாதீர்கள், வண்டியின் நிழலிலேயே இருங்கள்.

எதிரே ரோடு டிரெயின் வரும். மூன்று பெரிய டிரெய்லர்களை இழுக்கும் லாரி அது. நீளம் 53 மீட்டரைத் தாண்டும். அது கடக்கும்போது முதலில் கன்னத்தில் ஒரு அறை விழுந்ததுபோலக் காற்று தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். டேங்கோடு குனிந்துகொண்டு கைப்பிடியை இறுக்காமல் பிடித்திருந்தால் போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒன்றுமில்லாத வெளி என்றுதான் நானும் நினைத்துப் போனேன். அந்த எண்ணம் மாறியது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் அல்ல. அதை விட்டு விலகி மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. போகும் ஊட்னடாட்டா மண்சாலையில். மாரீயிலிருந்து 130 கி.மீ. தொலைவில், கவர்ட் ஸ்பிரிங்ஸை நெருங்கும்போது, உப்புப் பூத்த சமவெளியின் நடுவே சிறு மேடுகள் தெரியும். பப்ளர் என்ற மேட்டில் ஏறினால் உச்சியில் சில மீட்டர் அகலத்தில் ஒரு குளம், கரையைச் சுற்றி நாணல். சிறிது நேரம் அசைவில்லாமல் இருக்கும். பிறகு அடிமணல் மெல்ல உப்பி, கொதிக்கும் பொங்கல் பானையில் வருவதுபோல ஒரு பெரிய குமிழி வெடித்து, மணல் மறுபடியும் வட்டமாக அடங்கும். அங்கே கொல்லப்பட்ட ஒரு பெரும் பாம்பின் துடிப்பு அது என்பது அந்நிலத்துக்குரிய அரபானா மக்களின் தொல்கதை. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் பரந்திருக்கும் கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் நீர் அது. கிழக்கே வெகுதொலைவில் மழையாக விழுந்து, நிலத்தடியில் பல லட்சம் ஆண்டுகள் நகர்ந்து வந்து, இந்த வறண்ட விளிம்பில் வெளியேறுகிறது.

இப்படிப்பட்ட ஊற்றுகள் ஒரு கோடுபோல வடமேற்காகச் செல்கின்றன. தொல்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவற்றை ஒட்டியே நடந்து பண்டம் மாற்றினார்கள். நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த நிலத்தேடல் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் 1859-இல் அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார். 1872-இல் முடிந்த தந்திக் கம்பியும், 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டிய ரயில் பாதையும் அந்த வரிசையைத்தான் பின்பற்றின. ரயில் 1980-இல் நின்றுவிட்டது. நான் ஓட்டிய மண்சாலை அதன் ஓரமாகவே போகிறது. எனக்குக் கீழிருந்த ஒவ்வொரு கிலோமீட்டரும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாரோ அறிந்திருந்ததால் உண்டான வழி. இதை உணர்ந்த பிறகு என்னால் அந்த நிலத்தை வெறுமை என்று எழுத முடியவில்லை. முந்தைய குறிப்புகளில் அந்தச் சொல்லை இரண்டு இடங்களில் எழுதியிருந்ததற்காக வருந்துகிறேன்.

தனிமையும் நான் எதிர்பார்த்தபடி இல்லை. கவர்ட் ஸ்பிரிங்ஸுக்கும் வில்லியம் கிரீக்குக்கும் இடையில் பின்சக்கரம் பஞ்சரானபோது, அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தவை மூன்றே வண்டிகள். மூன்றும் நின்றன. உதவி வேண்டாம் என்று நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியும், மூன்றாவதாக வந்த முதிய தம்பதி போகவில்லை; அந்த அம்மா மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு, நான் டயரை மாட்டிக் காற்றடித்து முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நான்கு நாள் என்ற உங்கள் கணக்கைப் படித்தபோது எனக்கு ஸ்டூவர்ட்தான் நினைவுக்கு வந்தார். தனக்கு முன்னே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் தன் ஆட்களை நகர்த்துவார். 1860-இல் ஒருமுறை, 1861-இல் மறுமுறை எனப் பாதியில் திரும்பி, 1862 ஜூலை 24 அன்றுதான் வடகடலைத் தொட்டார். அவர் நடத்திய பயணங்களில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை.

ஆகவே விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்த ஆண்டு வேண்டாம். மண்சாலையில் போவதாக இருந்தால் வாடகைக் காப்பீடு அதற்கும் பொருந்துமா என்று கேளுங்கள். மழை பெய்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள், மாரீயில் சாலை நிலவரப் பலகையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஊற்றுகளுக்குச் செல்ல, கவர்ட் ஸ்பிரிங்ஸுக்குச் சில கிலோமீட்டர் முன்பே இடப்பக்கம் ஒரு கிளைப்பாதை பிரியும். காலையில் போங்கள், அப்போது காற்று இருக்காது, குளத்தின் அடி தெளிவாகத் தெரியும்.

அன்புடன்