கொடுத்தது கம்பெனியா, ஊழியர்களா?

தம்பி, நீங்கள் வேலை பார்க்கும் அமெரிக்க நிறுவனம் ஒரு அதிபர் வேட்பாளருக்கு லட்சக்கணக்கில் கொடுத்ததாகப் பட்டியலில் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கம்பெனிப் பணமே இல்லை. அங்கே அதிபர் தேர்தலில் நிறுவனம் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஆனால் 200 டாலருக்கு மேல் கொடுக்கும் தனிநபர் எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பிரசாரக் குழு கேட்டுப் பதிய வேண்டும். அதை முதலாளி பெயர்வாரியாகக் கூட்டினால், ஊழியர்களின் சொந்தக் காசு கம்பெனி கணக்கு மாதிரி தெரியும்.

அப்புறம், நீங்களும் கொடுக்கலாமா? சிங்கப்பூர்க் குடிமகன், கிரீன் கார்டும் இல்லை என்கிறீர்கள். கூடவே கூடாது, அமெரிக்கச் சட்டப்படி குற்றம். இங்கே சிங்கப்பூரிலும் கட்சிக்கு நன்கொடை தரும் தனிநபர் 21 வயது நிரம்பிய குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிக்குக்கூட அனுமதி இல்லை. நிரந்தரவாசியான என் வீட்டுக்காரிக்கு இன்னும் அதில் வருத்தம்.