சப்பாத்தியும் சப்பட்டையும் (கடிதம்)

வணக்கம் ஐயா,

'சப்பாத்தி தூய தமிழ்ச்சொல், சப்பட்டையிலிருந்து பிறந்தது' என்று வாட்ஸப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. உண்மையா? யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா ஷூவை 'சப்பாத்து' என்பார். அதற்கும் இதற்கும் உறவு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சப்பாத்துக்கு உறவே இல்லை. அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்.

சப்பாத்தி என்ற பெயர் பண்டத்தோடு சேர்ந்து வடக்கிலிருந்து நமக்கு வந்தது. இந்தியில் 'சப்டா' என்றால் தட்டையானது. 'சபத்' என்றால் கையால் விடும் அறை. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய 'ஐன்-இ-அக்பரி'யில் இதே பெயரைச் சொல்கிறார். இரும்புக் கல்லில் சுடும் மெல்லிய ரொட்டி, ஒரு சேர் மாவுக்குப் பதினைந்து வரும், சூடாகச் சாப்பிட்டால் மிக நன்றாக இருக்கும் என்கிறார்.

அதற்காகச் சப்பட்டையின் ஒற்றுமையைத் தள்ளிவிட முடியாது. கன்னடத்தில் 'சப்பட்டெ' தட்டை, 'சப்பாளெ' கைதட்டல். தெலுங்கில் 'சப்பட்லு' கைதட்டல். ஆனால் உறவுமுறை இருப்பதாலேயே சப்பாத்தியைத் தமிழின் பிள்ளை என்று எழுதுவது தவறு. மொழிமேல் அன்பு உள்ளவர்கள் அதைச் செய்யக்கூடாது.

சரி, தட்டைக்கும் கைதட்டலுக்கும் என்ன சம்பந்தம்? ஹூப்ளியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சோள ரொட்டி தட்டிய அம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. சோளமாவுக்குக் கோதுமையின் இழுவை கிடையாது, கட்டையால் தேய்த்தால் விண்டுபோகும். வெந்நீர் விட்டுப் பிசைந்த உருண்டையை அவர் பலகையில் வைத்து, உள்ளங்கையால் அறைந்துகொண்டே சுழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ நிதானமாகக் கைதட்டுவதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தால் உருண்டை தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. இன்று சப்பாத்தியைக் கட்டையால் தேய்க்கிறோம். பெயரில் அந்த அறை அப்படியே இருக்கிறது.

தமிழும் இதே வழியில்தான் பெயர் வைத்தது. கிருஷ்ண ஜெயந்திக்குத் துணியில் வைத்துத் தட்டி எண்ணெயில் போடுவது தட்டை. சேலத்தில் அதுவே தட்டுவடை. சப்பாத்திக்குத் தமிழ் உரிமை கோருவதைவிட எனக்கு இது பெரிய சந்தோஷம்.

உங்கள் ஊரிலும் 'ரொட்டி தட்டுவது' என்றுதானே சொல்வார்கள்? அம்மம்மா எப்படித் தட்டுவார் என்று எழுதுங்கள்.