அம்மாவை ஏன் படுக்கையில் போடுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 27 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சின்ன வயதில் அம்மாவோடு கனடா வந்து டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்தேன். போன மார்ச்சிலிருந்து தென்கொரியாவில், தோங்யோங் என்ற சிறிய கடலோர ஊரில், ஹாக்வோன் என்று சொல்லும் தனியார் பயிற்சி நிலையமொன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் முடிய இரவு 9 ஆகிவிடும். சம்பளம் ஒழுங்காக வருகிறது, தங்க ஓர் அறையும் தந்திருக்கிறார்கள். ஆனால் ஊர் எனக்கு ஒத்துவரவில்லை. பேச ஆளில்லை, போக இடமில்லை, குளிர்காலம் முழுக்கச் சிப்பி நாற்றம். என் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிப்போக வரும் பாட்டி மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிப்பி உரிக்கும் கொட்டகையில் வேலையாம், அவ்வப்போது ஒரு டப்பாவில் எதையாவது போட்டுத் தருவார். இப்போது சியோலில் ஒரு நிலையம் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. ஜனவரியிலேயே வரவேண்டுமாம். என் ஒப்பந்தம் பிப்ரவரி கடைசிவரை இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். போகலாமா? எனக்குத் தைரியம் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், தோங்யோங்

பதில்: சியோலுக்குப் போவதில் எனக்கு மறுப்பு இல்லை. குளிர், தனிமை, பேச ஆளில்லை என்று கடல்தாண்டி வேலைக்குப் போன பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்கு ஆறுதல் சொல்லி இந்தப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு என்று, அதைத்தான் பேசப் போகிறேன்.

அம்மாவுக்கு என்ன நோய் என்று முடிவு செய்துவிட்டீர்களா? உங்கள் நிலையத்தின் முதல்வர் கேட்பாரே. காய்ச்சல் என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு யாரும் ஊருக்குப் போவதில்லை. அதனால் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றா, ஆபரேஷன் உண்டா, கூட யார் இருக்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்கார்பரோவில் தன் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருக்கும் மனுஷியைப் பத்து நிமிடப் பேச்சில் ஐசியூவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவீர்கள்.

பெற்றவளைப் பற்றி வாயில் அப்படி ஒரு சொல் வரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் சொன்னால், சொல்லுங்கள். நாளைக்கே உண்மையில் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு போன் வந்தால் நீங்கள் முதலில் எதை நினைத்துப் பதறுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். அம்மா இரண்டே இடத்தில்தான் வருகிறார். உங்களைக் கனடாவுக்குக் கூட்டிவந்தவராக ஒருமுறை, நீங்கள் சொல்லப்போகும் பொய்யில் ஒருமுறை. இடையில் இத்தனை வருடங்கள் அவர் என்ன செய்தார், இப்போது யாரோடு இருக்கிறார், நீங்கள் கொரியா போனதைப் பற்றி என்ன நினைக்கிறார், ஒன்றுமே இல்லை. பேச ஆளில்லை என்கிற இடத்திலாவது அவர் வந்திருக்க வேண்டாமா? அப்பாவைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பி, பனி கொட்டும் ஊரில் ஒரு பெண் காலூன்றியிருக்கிறாள் என்றால் அதற்கு என்ன விலை கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு கொரியா தரும் இ-2 விசா எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான் பொதுவாக அந்தக் கதவு திறக்கும். யாழ்ப்பாணத்திலேயே இருந்திருந்தால், உங்கள் ஆங்கிலம் இதே ஆங்கிலமாக இருந்தாலும், அந்த வகுப்பறைக்குள் நீங்கள் நுழைந்திருக்க முடியாது. கையில் இருக்கும் கனடாக் கடவுச்சீட்டு அம்மா உங்களுக்குச் சம்பாதித்துத் தந்த சொத்து. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, அந்த வேலையை விட்டு ஓடவும் அவரையே சாக்காகப் பிடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஊரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் கொரியாவில் யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெற்றவர்கள் விஷயத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். முதல்வர் ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுக்கக்கூடும். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வீர்களா? அந்தப் பாட்டி காதுக்கும் விஷயம் போகும். அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தோங்யோங்கில் சிப்பி உரிக்கும் பெண்கள் விடியுமுன்பே நீண்ட மேசைகளின் முன் வரிசையாக நின்றுவிடுவார்கள். ரப்பர் கையுறை, குட்டைக் கத்தி. கத்தி முனையை ஓட்டின் இடுக்கில் செருகி ஒரு திருப்புத் திருப்பிச் சதையை வழித்துப் போடுவார்கள். உரித்த எடைக்குத்தான் கூலி. கொரியா சாப்பிடும் வளர்ப்புச் சிப்பியில் பெரும்பகுதி அந்தக் கடலிலிருந்துதான் வருகிறது. நீங்கள் நாற்றம் என்று எழுதியது அந்தப் பெண்களின் குளிர்காலச் சோறு. கப்பல் கட்டும் தொழில் சரிந்து வேலைகள் போனபோது, 2018-ல் அரசாங்கமே வேலைவாய்ப்பு நெருக்கடிப் பகுதி என்று அறிவித்த ஊர்களில் தோங்யோங்கும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டி பேரனை ஆங்கிலம் படிக்க அனுப்புகிறார் என்றால், அந்த வீட்டில் எதையோ குறைத்துக்கொண்டுதான் கட்டணம் கட்டுகிறார்கள். நவம்பரில் நடக்கும் அவர்களுடைய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு விடை எழுதும் நேரத்துக்கு நாடு முழுக்க விமானங்களை இறங்கவிடாமல் நிறுத்திவைப்பார்கள். அந்த நாட்டுப் பையனுக்கு ஆங்கில டீச்சர் திடீரென்று வராமல் போவது சின்ன விஷயம் கிடையாது. பாதியில் விட்டுப் போகிறீர்கள், அதுவும் அந்தப் பாட்டி உங்கள் அம்மாவுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

ஊரில் ஒன்றும் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. இசையமைப்பாளர் யுன் இசாங் வளர்ந்த ஊர் அது. ஒவ்வொரு வசந்தத்திலும் பன்னாட்டு இசைவிழா நடக்கிறது, படகேறினால் ஹான்சான் தீவு. சரி, அதை விடுங்கள். பிடிக்காத ஊரைப் பிடிக்கவைக்க என்னால் முடியாது.

இன்னொன்று. இந்தப் பொய்யால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இ-2 விசா நீங்கள் வேலை செய்யும் நிலையத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடியுமுன் இடம் மாறப் பொதுவாக இப்போதைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். கனடாவுக்குப் போகிறேன் என்று சொன்னவளுக்குச் சியோலில் வேலை பார்க்க அவர் எப்படிக் கடிதம் தருவார்? கடிதம் இல்லையென்றால் விசாவை விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறி, பட்டச் சான்று, போலீஸ் சான்று எல்லாம் திரட்டி மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் சியோலில் எப்படி நிற்பீர்கள்?

அப்புறம் பணம். ஒரு வருடம் முழுதாக முடித்தால்தான் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணிக்கொடை வரும். அதைக் கொடுக்காமல் தப்பிக்கவே பதினோராவது மாதத்தில் ஆசிரியரை வெளியே அனுப்பும் நிலையங்கள் உண்டு. அழுதுகொண்டு எழுதுகிறார்கள் எனக்கு. உங்கள் முதல்வர் சம்பளத்தை ஒழுங்காகத் தருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்யாத கெடுதலை உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளப் பார்க்கிறீர்கள். அவர் ஏமாற்றுகிறவராக இருந்தால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அப்போதும் அம்மாவை இழுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி செய்ய வேண்டியது. முதல்வரிடம் போய், பிப்ரவரியோடு முடித்துக்கொள்கிறேன், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று இப்போதே சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னால் சொன்னால் அவரும் வேறு ஆள் தேடுவார், பிள்ளைகள் நடுவில் நிற்க மாட்டார்கள். சியோல் நிலையத்துக்கு, மார்ச்சில் வருகிறேன் என்று எழுதுங்கள். கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச்சில்தான் தொடங்குகிறது, அப்போதும் அவர்களுக்கு ஆள் வேண்டும். மறுத்தால் மறுக்கட்டும், மார்ச்சில் ஆள் தேடும் இடம் சியோலில் அது ஒன்று மட்டும் இல்லை. தேசிய ஓய்வூதியத்துக்கு உங்கள் பேரில் மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கொரியாவை விட்டு ஒரேயடியாகப் போகும்போது கனடாக்காரர்கள் அதை மொத்தமாகத் திரும்ப வாங்கலாம்.

இரவு 9 மணிக்கு நீங்கள் வகுப்பை முடித்து வெளியே வரும்போது இந்தக் குளிர்காலத்தில் டொரண்டோவில் காலை 7 மணி. அம்மா தேநீர் போடும் நேரம். தினமும் அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தார், முழங்கால் எப்படி இருக்கிறது, பனியில் யார் வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த வேலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு வாரமாவது ஸ்கார்பரோ போய் அவரோடு இருங்கள். விமானச் செலவைப் பணிக்கொடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல்வர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்.