ரேஷன் கார்டு வரி போதும்

கேள்வி: விவாகரத்து பற்றி நான் அனுப்பிய கவிதையை 'அழுகை அதிகம்' என்று திருப்பிவிட்டீர்கள். பிரிவை அழாமல் எழுத முடியுமா? இது இந்தக் காலத்துப் பிரச்சினை. பார்த்துக் கற்க நம் பழைய கவிதையிலும் ஒன்றும் இல்லையே?
– ஒரு வாசகி, பழனி

பதில்: பழனியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் உங்கள் மலைக்காரன். மனைவி கண்ணகியை (சிலம்புக் கண்ணகி வேறு) விட்டுவிட்டு இன்னொருத்தி வீடே கதி என்று கிடந்தவனும் அவன்தான். அவளிடம் திரும்பிப் போகச் சொல்லி கபிலர், பரணர் உட்பட நான்கு புலவர்கள் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை இருக்கின்றன. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949இல்தான் வந்தது, சரி. பிரிந்து போகிறவன் சட்டத்துக்காகவா காத்திருந்தான்?

பரணரின் 144ஐ மட்டும் பாருங்கள். இருட்டும் நேரத்தில் யாழ் மீட்டிப் பேகனின் காட்டைப் பாடுகிறார். ஒரு பெண் அழுகிறாள். 'நீ எங்கள் பேகனுக்கு உறவா?' என்று கேட்கிறார். காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: 'யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்.' அவனுக்கு நான் உறவில்லை. அழுகை முடிந்த பிறகுதான் பேச்சு. கவனித்தீர்களா?

அப்புறம் சொல்வது இன்னும் மோசம். என்னைப் போல ஒருத்தியின் அழகுக்கு ஆசைப்பட்டு, முல்லை வேலி சூழ்ந்த ஊருக்கு எப்போதும் தேரில் வருகிறானாம். மூலத்தில் 'என்ப', அதாவது 'என்று சொல்கிறார்கள்'. புருஷன் போகிற இடத்தை ஊர் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். திட்டவும் இல்லை, 'வயங்குபுகழ்ப் பேகன்', புகழ் விளங்கும் பேகன், என்கிறாள். அந்தப் புகழ்தான் சுடுகிறது. மனைவி என்ற சொல் பாட்டில் எங்கும் கிடையாது.

வடிவமும் இதற்கு ஏற்றதுதான். 'அருளாய் ஆகலோ கொடிதே', நீ இரங்காமல் இருப்பது கொடுமை, என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு. பிறகு பரணர் கருத்தே சொல்வதில்லை. நடந்ததைச் சொல்லி, அவள் பேச்சோடு நிறுத்திவிடுகிறார். ஆசிரியப்பா மூச்சு விடாமல் ஓடி 'நல்லூரானே' என்று அடுத்தவள் ஊரில் போய் நிற்கிறது. கடைசியில் காதில் மிஞ்சுவது ஒல்லென ஒலிக்கும் தேர்ச் சத்தம்.

உங்கள் கவிதையில் 'கண்ணீர்' பதினொரு முறை வருகிறது, எண்ணினேன். ஆனால் நடுவில் ஒரு வரி: 'ரேஷன் கார்டில் என் பெயரை எடுக்க அவரே வரிசையில் நின்றார்.' அதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதி அனுப்புங்கள்.