கல்கியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து சிரமமாக இருக்கிறது. டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். கல்கி நாவல்களும், சின்ன வயதில் படித்த ரஷ்யக் கதைகளும் வேண்டும் என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் ‘5,000 தமிழ்ப் புத்தகங்கள் 499 ரூபாய்’ என்று விற்கிறார். அண்ணன் பணம் அனுப்பிவிட்டார். வந்த லிங்க் ஏதோ ஆப்பை நிறுவச் சொல்கிறது. நிறுவலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: நிறுவாதீர்கள். புத்தகம் படிக்க, பிளே ஸ்டோரில் இல்லாத எந்த ஆப்பும் தேவையில்லை. லிங்க்கை அழித்துவிடுங்கள். 499 ரூபாய்க்கு மேல் ஏதாவது போயிருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள்.

கல்கி காலமானது 1954-இல். இந்தியச் சட்டப்படி ஒரு எழுத்தாளரின் பதிப்புரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான். 2014-உடன் அது முடிந்தது. அதற்கு முன்பே அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆகவே அந்த ஆசாமி கல்கியை விற்பது குற்றம்கூட இல்லை. வயிற்றெரிச்சல் அதுதான். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தட்டச்சு செய்து, பைசா வாங்காமல் இணையத்தில் வைத்த எழுத்து அது. அதை அப்படியே எடுத்து, முகப்பில் ஒரு குதிரைவீரன் படத்தை ஒட்டிக் காசு பார்க்கிறார்கள். அந்த 5,000-இல் இருக்கும் இன்றைய எழுத்தாளர்களின் புத்தகங்களோ, சுத்தமான திருட்டு. டெலிகிராம் குழுக்களில் ‘பிடிஎஃப் இருக்கா’ என்று கேட்டு வாங்குவதும் இதே கணக்குதான்.

இலவசம் என்று சொல்லிவிட்டு ‘சரிபார்ப்பதற்காக’ கார்டு எண் கேட்கும் தளங்களும் உண்டு. இலவசப் புத்தகத்துக்குக் கார்டு எதற்கு? மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

சரி, எங்கே எடுப்பது? தன்னார்வலர்கள் நடத்தும் இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்குப் போய் நாவலின் பெயரைத் தேடுங்கள். பக்கத்திலேயே பதிவிறக்கும் பொத்தான் இருக்கும். அதில் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் நல்லது. 2013 முதல் எழுத்தாளர்களின் அனுமதியோடு வெளியிடுகிறார்கள், இபப் அங்கேயும் கிடைக்கும்.

இபப் என்று நான் பிடிவாதம் பிடிப்பது உங்கள் அம்மாவின் கண்ணுக்காக. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் போட்டோ. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இபப்பில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக் கொள்ளும். 5,000 பிடிஎஃப் இருந்து என்ன பயன், அம்மாவால் ஒன்றைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாதே.

இங்கேதான் அரசின் மேல் எனக்குக் கோபம். எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்குகிறார்கள். நம் வரிப்பணம், நியாயமான செலவு. ஆனால் அரசின் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கேன்தான். அபூர்வமான பழைய நூல்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன, ஆய்வாளருக்குப் பொக்கிஷம். எழுபது வயதுக் கண்ணுக்கு? அதை எழுத்தாக மாற்றி மெய்ப்புப் பார்க்கும் வேலையை விக்கிமூலத்துத் தன்னார்வலர்கள் தலையில் கட்டியாயிற்று. அவர்களும் எத்தனைதான் பார்ப்பார்கள்? மெய்ப்பு முடியாத நூல்களில் ‘ன’வும் ‘ள’வும் இடம் மாறிக் கிடக்கும். இதற்குச் சம்பளம் கொடுத்து நாலு பேரைப் போட முடியாதா?

ரஷ்யக் கதைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டால்ஸ்டாய் 1910-இல் இறந்துவிட்டார், ஆகவே இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ரஷ்ய மொழியில் எழுதியதற்குத்தான் அது பொருந்தும். அம்மா படித்தது தமிழ் மொழிபெயர்ப்பை. மொழிபெயர்ப்புக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டு, 60 ஆண்டுக் கணக்கு மொழிபெயர்ப்பாளர் இறந்ததிலிருந்து ஓடும். அவர் 1990-இல் இறந்தார் என்று வையுங்கள், 2050 முடியும் வரை உரிமை இருக்கும். அந்தத் தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்ட மாஸ்கோ பதிப்பகம் மூடியாயிற்றே என்று கேட்பார்கள். பதிப்பகம் போனால் மொழிபெயர்ப்பாளரின் உரிமையும் போய்விடாது. மூல ஆசிரியர் செத்து நூறு வருடமாயிற்று என்பதும் செல்லாது. ஆகவே அந்தக் கதைகளுக்கு மட்டும் பணம் கொடுத்து மறுபதிப்பு வாங்குங்கள், அல்லது மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அமேசானின் மின்னூல் ஆப்பான கிண்டில் இலவசம், டேப்லெட்டிலேயே ஓடும். புத்தகத்தை விலைக்கு வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள், கல்கியாக இருந்தால் வாங்கவே வேண்டாம். மாதச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெடில் தமிழ் நூல்கள் நிறைய உண்டு, மாதம் நாலைந்து புத்தகம் படிப்பவருக்குக் கட்டுப்படியாகும். சந்தாவை நிறுத்தினால் எடுத்த புத்தகங்களும் போய்விடும், அதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு கல்கி நாவலை இபப்பாக இறக்கி, கூகுள் பிளே புக்ஸில் ஏற்றுங்கள். எழுத்தின் அளவை நீங்கள் தீர்மானிக்காமல் அவர் கையிலேயே கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.